முன்னால் போன முதுகு

உன் இஷ்டம் என்று அவர் சொன்னபோது முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, அதுதான் காலையிலிருந்து என்னைப் போட்டுக் குடைகிறது. ரயிலை விட்டு இறங்கி யனாக்கா என்கிற இந்தப் பேட்டைக்குள் போகிற படிக்கட்டில் வைத்துத்தான் கேட்டேன். "என்னங்க, சுபத்ராவுக்கு என்ன சொல்லட்டும்? அவகூட இருந்துடவா, உங்ககூட ஊருக்கு வரவா?" அவர் எனக்கு நாலு படி கீழே இறங்கிக்கொண்டிருந்தார். நிற்கவில்லை, திரும்பவில்லை, கைகளைப் பின்னால் கட்டியபடியே "உன் இஷ்டம்" என்றார். அவர் எங்கே சொன்னார், அவருடைய பழுப்பு ஜெர்கினும் வெள்ளைத் தொப்பியும் சொன்னது. முப்பத்து மூன்று வருஷத்தில் இந்த உன் இஷ்டத்தை எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு என்ன கலர் பெயின்ட் என்று கேட்டபோது வந்த உன் இஷ்டத்துக்கு ஆளை விடு என்று அர்த்தம். என் தம்பி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே போகட்டுமா என்று கேட்டபோது வந்ததற்குப் போய்த்தான் பாரேன் என்று அர்த்தம். இன்றைக்கு வந்தது எந்த ரகம்? கோபமா, சலிப்பா, உண்மையிலேயே சம்மதமா? ஒரு நொடி திரும்பியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். கண்டுபிடித்திருப்பேனா? சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் சுபத்ரா கூப்பிடுவாள். மாப்பிள்ளை நாளைக்கு என் விசாவுக்குப் பேப்பர் எல்லாம் கொடுக்க வேண்டுமாம். நான் சிங்கப்பூரில் அவளோடு இரண்டு வருஷம் இருக்கிறேனா இல்லையா என்று இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு ஏழு மாசம். தையில் பிரசவம். குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் அவள் வேலைக்குப் போக வேண்டும், யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கேட்ட கையோடு எங்கள் இரண்டு பேரையும் நாலு நாள் டோக்கியோவுக்கு அனுப்பி வைத்தாள், "அவசரமே படாதீங்கம்மா, ஒரு நாளைக்கு ஒரு பேட்டை, சும்மா தெருத்தெருவா நடந்து பாருங்க, நடக்க நடக்க யோசிங்க" என்று. நடக்க நடக்க யோசிக்கிறதாவது. கோவில்பட்டியில் நான் நடந்ததெல்லாம் வீட்டிலிருந்து தாலுகா ஆபீஸ், ஆபீஸிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு. யோசிக்கவா நடந்தேன், நேரமாகிறதே என்று நடந்தேன். அவர் வர மாட்டார், அது முதலிலேயே தீர்ந்துபோன விஷயம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அதை மட்டும் நேராகச் சொன்னார். அப்படியானால் அவர் கோவில்பட்டியில் தனியாக. தனியாக என்றால் என்ன, பட்டினியா கிடக்கப்போகிறார்? என்னைவிட நன்றாக ரசம் வைப்பார். துணி துவைக்க மெஷின் இருக்கிறது. பஸ் டிப்போ சிநேகிதர்கள் நாலு பேர் சாயங்காலம் டீக்கடைக்கு வருவார்கள். நான் இல்லாவிட்டால் அந்த வீட்டில் எது குறையும் என்று நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வந்தது. பக்கத்தில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

இந்தத் தெருக்களுக்குப் பெயரே இல்லையோ என்னவோ, ஒரு பலகையும் காணோம், இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியப்போவதில்லை. இரண்டு பேர் ஒட்டி நடந்தால் தோள் இடிக்கும் அகலம். வீட்டு வாசலில் காம்பவுண்டு சுவருக்குப் பதில் பூந்தொட்டிகள், தெர்மோகோல் பெட்டியில்கூடச் செடி. ஒரு வீட்டு ஓரமாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, நம்ம ஊரில் நாய் அசிங்கம் பண்ணாமலிருக்க நீலம் கலந்து வைப்பார்களே, அதேதான், இங்கே பூனைக்குப் போல. "என்னங்க, இங்க பாருங்க" என்றேன். முதுகு போய்க்கொண்டே இருந்தது. போகட்டும், பஸ் ஓட்டினவர், வாழ்க்கை முழுக்க முன்கண்ணாடியைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவர், அவரைப் போய் பாட்டிலைப் பார் பூனையைப் பார் என்றால். ஒரு சின்னக் கோயில் வாசலில் குழந்தை முகத்தோடு வரிசையாகக் கற்சிலைகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புத் துணி. எச்சில் ஒழுகுகிற பிள்ளைக்குக் கட்டிவிடுவோமே, அது மாதிரி. கொஞ்சுகிற மாதிரி இருந்தது. ஒன்றின் தலையைத் தடவி, சுபத்ராவுக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டேன். தடவிய கையை எடுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, பிறக்காமலே போன பிள்ளைகளுக்காக வைக்கிற சிலைகள் அம்மா அது என்று அவள் போனில் சொன்னாளே. நான் ஏன் தொட்டேன். தெரியாமல் தொட்டால் பரவாயில்லையா, தெரிந்தும் மறந்துபோய்த் தொட்டால் எதில் சேரும்? கையைப் புடவையில் துடைத்தேன், துடைத்ததும் அதுவும் தப்போ என்று பட்டது, அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தன. நிமிர்ந்தபோது பழுப்பு ஜெர்கின் ஒரு முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது, ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பிடித்தேன், பிடித்தேன் என்றால் எப்போதும் போலப் பத்தடி பின்னால்.

அவருடைய நடையில் ஏதோ தளர்ச்சி வந்திருந்தது. காலையில் இருந்த விறைப்பு இல்லை. கை பின்னால் கட்டியபடிதான், இடது தோள் கொஞ்சம் தாழ்ந்தபடிதான், ஆனால் மெதுவாக. சரி, கோபமாக இருந்தால் வேகமாகப் போவார், இது கோபமில்லை என்று நினைத்துக்கொண்டேன். காசு போட்டால் தானாகக் குளிர்பான டப்பா விழுகிற மெஷின் ஒன்றின் முன்னால் நின்றார். ஒன்றும் வாங்காமல் நகர்ந்தார். வழக்கமாக அந்த மெஷினைக் கண்டால் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு பட்டனையாவது அமுக்குவார், இன்றைக்கு மனசில்லை. ஒரு மதில் மேலாக மரம் எட்டிப் பார்த்தது, இலை எல்லாம் உதிர்ந்து ஆரஞ்சு நிறத்தில் பழம் மட்டும். அதன் கீழே வெகு நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நானும் பத்தடி பின்னால் நின்றேன். கூப்பிடவில்லை. ஒரு மனுஷன் மரத்தைப் பார்க்கிறான் என்றால் அவன் மரத்தையா பார்க்கிறான். இவரைப் போய் நாலு மாதிரி சந்தேகப்பட்டேனே, இது சலிப்புமில்லை, போய்த்தான் பாரேனும் இல்லை, இது வருத்தம், வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வருத்தம். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டதில்கூட அது தெரிந்தது. அந்த மரத்தடியில்தான் நான் முடிவு எடுத்தேன். இருக்க மாட்டேன். ஊருக்கே வந்துவிடுவேன். சுபத்ராவுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய் வரலாம், இந்த மனுஷனைத் தனியாக விட முடியாது. முடிவு எடுத்ததும் உடம்பு லேசாகிவிட்டது. எங்கேயோ மீன் வறுக்கிற வாசனை வந்தது, அதுகூடப் பிடித்திருந்தது. ஒரு காக்கா நம்ம ஊர்க் காக்காயைவிட இரண்டு மடங்கு பெரிசாக உட்கார்ந்து கத்தியது, கத்திவிட்டுப் போ என்று விட்டேன்.

அவர் ஒரு சின்ன இரும்புக் கேட்டின் முன்னால் நின்றார். பையிலிருந்து சாவி எடுத்தார். ஹோட்டல் சாவியை இங்கே ஏன் எடுக்கிறார் என்று யோசித்தேன். கேட்டைத் திறந்து உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். அதற்கு நான் என்ன விளக்கம் சொல்ல, முன்னால் முதுகு போனால் பின்னால் நான் போவேன், கல்யாண வீடானாலும் சரி கலெக்டர் ஆபீஸானாலும் சரி. கேட்டைச் சாத்துவதற்காகத் திரும்பினார். அந்த முகம் வேறு முகம். எழுபது எழுபத்தைந்து வயது, கண்ணாடி, நரைத்த புருவம், ஜப்பான்காரர். என்னைப் பார்த்தார். நான் அவர் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நொடி, சொன்னால் நம்ப மாட்டார்கள், இவர் முகத்துக்கு என்ன ஆச்சு என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் குப்பென்று வேர்த்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் இடுப்பு வரை குனிந்தார். நான் மறுபடி கும்பிட்டேன், அவர் மறுபடி குனிந்தார். "ஹஸ்பெண்ட், மிஸ்ஸிங், சாரி" என்றேன். காணாமல் போனது அவரா நானா? எந்த முக்கில் மாறினேன்? அந்தச் சிலைகளிடம் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதா? அப்படியானால் அரை மணி நேரமாக நான் யார் பின்னால். மெஷின் முன்னால் நின்றது இவர். தொப்பியைக் கழற்றிப் போட்டது இவர். மரத்தடியில் வருத்தப்பட்டது இவர், அது வருத்தமோ பழம் பழுத்திருக்கிறதா என்று பார்த்ததோ. இவர் முதுகைப் பார்த்தா நான் சுபத்ராவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை முடிவு செய்தேன்? அடச்சே. யாரோ ஒரு கிழவருடைய முதுகில் இவ்வளவு படிக்க முடிகிறது என்றால், முப்பத்து மூன்று வருஷமாக என் வீட்டுக்காரர் முதுகில் நான் படித்ததெல்லாம் என்ன? அவர் எழுதியதா, நானே எழுதியதா? என் போனில் ஒன்றும் வராது, வைஃபை டப்பா அவர் பையில் இருக்கிறது, பாஸ்போர்ட்டும் அவர் பையில்.

அந்த மனிதர் கேட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். கையால் திசை காட்டி, நெற்றியில் கை வைத்து சல்யூட் அடித்துக் காட்டினார், போலீஸ் என்று புரிந்துகொண்டேன். நடந்தோம். அவர் எனக்குப் பக்கத்திலேயே நடந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஒரு அடி பின்வாங்கினேன். அவரும் மெதுவானார். இரண்டடி பின்வாங்கினேன், அவர் நின்று காத்திருந்தார். இப்படியே நான் பின்னால் போக, அவர் எனக்காக மெதுவாக, இரண்டு பேரும் தெரு நடுவில் நின்றே விட்டோம். ஒரு சைக்கிள்காரி மணியடித்துச் சுற்றிக்கொண்டு போனாள். வேறு வழியில்லாமல் பக்கத்தில் நடந்தேன். தெரு முழுக்க கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தது, நடுவில் யார் முதுகும் இல்லை, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. எங்கோ ஒலிபெருக்கியில் மெல்லிசாக ஒரு மெட்டு வந்தது, பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போகிற நேரம் என்று அறிவிக்கிற மெட்டாம், சுபத்ரா சொல்லியிருந்தாள். நாலரை ஆகிவிட்டது. எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தது, எந்த வீடு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தெருமுனையில் ஒரு அறை அளவுக்குப் போலீஸ் பூத். உள்ளே ஒரு இளவயதுப் போலீஸ்காரர், மேஜை, மூன்று நாற்காலி. கூட வந்தவர் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவார் என்று பார்த்தால் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். போலீஸ்காரர் தன் போனில் ஏதோ பேசி என் பக்கம் திருப்பினார், அது ஒரு பெண் குரலில் தமிழ் பேசியது. "தயவுசெய்து உங்கள் கணவரின் பெயரைக் கூறவும்." ஆவுடையப்பன் என்றேன். "அவரது முகத்தை விவரிக்கவும்." முகமா? முகம், வந்து, மாநிறம். மீசை உண்டு. உண்டா? போன மாசம் மீசையை எடுத்தது இவரா என் தம்பியா? மூக்கு சாதாரண மூக்கு. நெற்றியில் ஏதாவது தழும்பு? எனக்கு வாய் குழறியது. பின்கழுத்தில் இரண்டு மடிப்பு விழும் என்றேன், மடிப்புக்கு நடுவில் ஒரு மரு, இடது தோள் தாழ்ந்திருக்கும், ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து அப்படி ஆயிற்று, வலது காதுக்குப் பின்னால் கொஞ்சம் மட்டும் முடி நரைக்காமல் இருக்கும். போன் அதையெல்லாம் ஜப்பான் பாஷையில் சொன்னது. போலீஸ்காரர் மரியாதையாக எழுதிக்கொண்டார். படம் இருக்கிறதா என்று கேட்டார். நல்லவேளை, மூன்று நாளாக எடுத்துத் தள்ளியிருக்கிறேனே. கோயில் வாசல், அவர் முதுகு. பாலம், அவர் முதுகு. மஞ்சள் இலை கொட்டிய சாலை, தூரத்தில் தொப்பி. போலீஸ்காரர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார், சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

மேஜையில் இருந்த போன் அடித்தது. போலீஸ்காரர் கேட்டார், என்னைப் பார்த்தார், எழுதினார், மறுபடி தன் கைப்போனில் பேசினார். பெண் குரல் சொன்னது: "உங்கள் கணவர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள காவல் சாவடியில் இருக்கிறார். அவர் நலமாக உள்ளார். அவர் உங்கள் முகத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. உங்கள் செருப்பின் ஓசையை மட்டும் நீண்ட நேரம் விவரித்தார். எங்கள் சக ஊழியருக்குப் புரியவில்லை." எனக்கும் புரியவில்லை. என் செருப்பா? நான் இன்றைக்குச் செருப்பே போடவில்லையே. தப்பாக மொழிபெயர்க்கிறதோ என்று இன்னொரு தடவை கேட்டேன், அதையேதான் சொன்னது. இங்கே வருகிறார், பத்து நிமிஷம் என்றது. அந்தப் பத்து நிமிஷமும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொப்பியில்லாத ஒரு வயதானவர் இன்னொரு போலீஸ்காரரோடு தெருவில் வேகமாக வந்தார், பாவம் யாரோ, எதைத் தொலைத்தாரோ என்று நினைத்தேன். கன்னம் ஒட்டியிருந்தது, உதடு காய்ந்திருந்தது, கண் இரண்டும் சிவந்து, முகவாய் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. மீசை இருந்தது. அவர்தான். இவ்வளவு வயசு எப்போது ஆயிற்று இவருக்கு?

"எங்க போன?" என்றார். வாசலிலேயே நின்று கத்தினார், போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் விறைத்துப் போனார்கள். "எங்கயும் போகல, நீங்கதான் முன்னாடி போனீய" என்றேன். "நான் எப்பவும்தான் முன்னாடி போறேன். பின்னால உன் செருப்பு சத்தம் வரும்லா. இடது கால் தரையில உரசி உரசி வரும். மார்க்கெட்டுல, திருவிழாக் கூட்டத்துல, எங்கயும் அது கேக்கும். அது நின்னா நானும் நின்னுருவேன். விசில் கேட்டு வண்டி எடுக்குதவனுக்கு எதுக்குத் திரும்பிப் பாக்கணும்? இன்னைக்குன்னு பாத்து உன் மக வாங்கிக் குடுத்த இந்த ரப்பர் ஷூவ மாட்டிக்கிட்டு சத்தமே இல்லாம வாரே. ஒரு மணி நேரமா விசில் இல்லாம வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிருக்கேன்." குரல் உடைந்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷமாக என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாரா என்று எத்தனை பேரிடம் குறைபட்டிருக்கிறேன். அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். சந்தோஷப்படவா, இதை ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று சண்டை போடவா? இரண்டும் சேர்ந்து வந்தது.

போலீஸ்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வாசல் பக்கம் திரும்பினார். நான் ஜெர்கினைப் பிடித்துக்கொண்டேன். "காலைல உன் இஷ்டம்னு சொன்னீயல்லா. அத இப்படி என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். ஓரமாக உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் தன் முழங்காலைப் பார்க்க ஆரம்பித்தார். இவர் என்னைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், எனக்குத்தான் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "இருக்காதேன்னா இருக்க மாட்ட. இருன்னா இருந்துருவ" என்றார். "நான் என்ன சொன்னாலும் அதச் செய்வ, செஞ்சிட்டு எம்மேல குறைபடுவ. ப்ரமோஷன் குடுத்து உன்னய திருச்செந்தூருக்கு மாத்தினாங்களே, அன்னைக்கும் இதத்தான சொன்னேன். நீ போவேன்னு நெனச்சு பரண்ல இருந்து பெட்டிய எறக்கித் தொடச்சு வச்சேன். நீ போகல. எனக்குத் தனியா இருக்கப் பயமாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. அதுக்காக உன் இஷ்டத்த நான் சொல்ல முடியுமா?" அந்தப் பெட்டி எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னைத் துரத்துவதற்காக இறக்கினார் என்று நினைத்தேன், ஒரு வாரம் பேசவில்லை, அந்த வீம்பில் மாறுதல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பதினெட்டு வருஷம். அவரால்தான் ப்ரமோஷன் போனது என்று பதினெட்டு வருஷம் மனசுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன். அவர் என்ன நினைக்கிறார் என்றே யோசித்து யோசித்து, எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டுக்கொண்டேனா? இப்போது கேட்டுப் பார்த்தேன். சுபத்ராவோடு இருக்க ஆசையா? ஆசைதான். ஊருக்குப் போக ஆசையா? அதுவும்தான். எது பெரிசு என்று எடை போடத் தெரியவில்லை, பழக்கமில்லை, பயமாக இருந்தது.

அவர் பையில் போன் அடித்தது. ஐந்து மணி. எடுத்துப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். "அம்மா, எங்க இருக்கீங்க, நல்லா சுத்தினீங்களா?" என்றாள் சுபத்ரா. அவள் பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. "சரி, அப்பா என்ன சொன்னாங்க?" நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பவில்லை.

"அப்பா சொல்லிட்டாங்க. நான்தான் இன்னும் ஒண்ணும் யோசிக்கல. இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன், மாப்பிள்ளைய ஒரு நாள் பொறுத்துக்கிடச் சொல்லு" என்றேன்.